பிறந்தனாள்

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. துணி காயவில்லை. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் இணையப் பொதுக் களஞ்சியத்தில் நீக்க வேண்டிய பழைய மென்பொருள்கள், என் பங்குக்குப் பதினொன்று. விதி எளிது: ஓராண்டாக யாரும் பதிவிறக்கவில்லை, பொறுப்பாளர் இல்லை, புதுக் கணினியில் ஓடவில்லை. இரண்டு வார அறிவிப்பு, பிறகு நீக்கம். பத்தை நீக்கியாயிற்று. சம்பளமில்லாத வேலைதான், ஆனாலும் குப்பை அள்ளுவதில் எனக்கு ஒரு சுகம்.

மிச்சம் ஒன்று. மலையாள எழுத்தில் அடித்த தமிழைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுவது. மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து. இது ஊகிக்கிறது: சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந, மற்ற இடத்தில் ன. பிறந்தநாள் என்று அடித்தேன். 'பிறந்தனாள்' என்று வந்தது! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வெள்ளியோடு கெடு முடிகிறது. ஆட்சேபம் வரவில்லை. போகட்டும்.

ஜூன் 11, புதன்

பால், தீப்பெட்டி, ஆதார் நகல். மணி அண்ணன் போட்டோஸ்டாட் கடை. எனக்கு முன்னால் செல்வி அக்கா, மாநகராட்சித் துப்புரவுச் சீருடையோடு. கையில் அச்சடித்த கடிதம். எட்டிப் பார்த்தது தப்புதான். முதல் வரி: "அக்காவுக்கு பிறந்தனாள் வாழ்த்து."

அதே பிழை! கேட்டேன்.

"எங்க அக்கா தென்காசியில. செவி கேக்காது, போன் பண்ணி என்ன காரியம்? அதுக்குத் தமிழ் மாத்திரம் வாசிக்க வரும், இங்கயே படிச்ச எனக்கு மலையாளம் மாத்திரம். இங்க வந்து அடிச்சா தமிழாயிடும்."

மணி அண்ணன்: "இந்தப் பெட்டி கேடாயாச்சு. அடுத்த வாரம் புதுசு. அதுலயும் இத இறக்கணும்."

எங்கிருந்து? வெள்ளிக்கிழமை நான் அழிக்கப்போகும் இடத்திலிருந்துதான்.

கடையில் என்றோ ஒரு தடவை இறக்கியது. என் கணக்கில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குள் இரண்டு பெண்கள் இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நீக்கிவிட்ட அந்தப் பத்தில் யார் யாரோ?

ஜூன் 12, வியாழன்

லீவு. நிரல் முழுக்கப் படித்தேன். எழுதியவர் பெயர் இல்லை. விதிவிலக்குப் பட்டியல் ஒன்று: இருநூறு, திருநீறு, செந்நாய்... பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றும் கையால் சேர்த்தது. முகம் தெரியாத அந்த ஆளைக் கும்பிடத் தோன்றியது. சாயங்காலத்துக்குள் புதுக் கணினியில் ஓடவைத்தேன். பட்டியலில் பிறந்தநாளையும் சேர்த்தேன். பெருமை.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி மழை. கடையில் செல்வி அக்காவிடம், 'பிறந்தனாள்' தப்பைத் திருத்திவிட்டேன் என்றேன்.

"ஐயோ, வேண்டாம் மோளே! அக்கா பதில் கடிதத்துல எப்பவும் அதச் சொல்லித்தான் கேலி பண்ணும், மணி அண்ணன் வாசிச்சுத் தருவாரு. அது கண்டாத்தான் நான் எழுதினதுன்னு அக்காவுக்கு மனசிலாகும்."

வீட்டுக்கு வந்து, நேற்றுச் சேர்த்த பிறந்தநாளை அழித்தேன். மென்பொருளை நீக்கப் பட்டியலிலிருந்து எடுத்தேன். பொறுப்பாளர்: என் பெயர். தெரிந்த பிழைகள்: பிறந்தனாள். திருத்த வேண்டாம்.