இரண்டாவது காப்புரிமை

முதலியார்பேட்டை,
14.11.2025

அன்புள்ள தேவதாஸ் அண்ணனுக்கு,

செல்வாம்பாள் எழுதுவது. நீங்களும் ஜெயம் அண்ணியும் பிரான்ஸில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முகவரியை உப்பளத்தில் அண்ணியின் தங்கையிடம் வாங்கினேன்.

உங்கள் சிநேகிதர், என் வீட்டுக்காரர், மார்ச் ஒன்பதாம் தேதி காலமாகிவிட்டார். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

மில்லில் நீங்கள் இருவரும் எலக்ட்ரிக்கல் செக்‌ஷனில் இருந்தபோது செய்த பெட்டி இப்போது பாகூர் பக்கம் பாதி மோட்டார் கொட்டகைகளில் இருக்கிறது. போன மாத மழையில் ஒரு கொட்டகையிலிருந்து கிணற்றுக்குப் போகும் கம்பி அறுந்து நாற்றங்காலில் விழுந்தது. அஞ்சலாட்சி என்று ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். பெட்டி அந்த நொடியே கரண்டை நிறுத்திவிட்டது. அவள் வீட்டுக்காரர் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் சிநேகிதர் வாங்கிய காப்புரிமை இரண்டு. முதலாவது அந்தப் பெட்டிக்கு, அது அவருடையதுதான். ஆனால் சாதாரண மழை ஈரத்துக்கே அது டிரிப் ஆகிக்கொண்டிருந்தது, நினைவிருக்கும். விவசாயிகள் எரிச்சலில் கழற்றிப் போட்டார்கள். ஈரம் எது, அறுந்த கம்பி எது என்று பிரித்தறிய இரண்டாவது காயிலைச் சுற்றியது நீங்கள். அதற்கான விண்ணப்பம் 2004-இல் போனது. நீங்கள் பிரான்ஸுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்தில் நான் இரண்டு பேரையும் எழுதினேன். "ஊரை விட்டுப் போனவன் பேரு எதுக்கு, வேற தாள்ல எழுது" என்றார். வேறு தாளில் எழுதினேன். அது என் கையெழுத்து.

2008-இல் இரண்டாவது காப்புரிமை கிடைத்து, பேப்பரில் அவர் படம் மட்டும் வந்தது. அதன் பிறகு உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. ஏன் என்று நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

காப்புரிமைக் காலம் இரண்டுக்குமே முடிந்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்கிறார்கள். இங்கே ஒரு பாலிடெக்னிக்கில் மின் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் வைக்க விரும்பி என்னைக் கூப்பிட்டார்கள். கல்வெட்டில் பொறிக்கப்போவதைப் படித்துக் காட்டினார்கள். இரண்டு கண்டுபிடிப்பும் அவருடையது என்று இருந்தது. இரண்டாவது தேவதாஸ் என்பவருடையது என்றேன். பாலிடெக்னிக் முதல்வர், "ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

ஹேமலதாவுக்குக் கோபம். "அப்பாவைத் திருடன்னு சொல்லப் போறியாம்மா?" என்றாள். முதல் பெட்டி அப்பாவோடது, அதை யாரும் எடுத்துக்க முடியாது, இன்னொண்ணைத்தான் சொல்றேன் என்றேன். இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பீரோவில் இருந்த உங்கள் பழைய மில் நோட்டைக் கேட்டாள். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் கோடு போடுவது அந்த செக்‌ஷனில் நீங்கள் ஒருவர்தான். காயில் கணக்கு முழுவதும் அப்படித்தான் இருக்கிறது. பக்கங்களை அவளே நகல் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். என் மைத்துனர் மட்டும் இன்னும் வீட்டுக்கு வருவதில்லை.

கல்வெட்டில் இரண்டு பெயரும் வரும். உங்கள் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். போட்டால் பழசெல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

ஜனவரியில் திறப்பு. ஊருக்கு வந்தால் வீட்டுக்கும் வாருங்கள். கூடத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அதன் எதிரில் உட்கார மனம் வராவிட்டால் சந்துப் பக்கக் கதவு வழியாக வாருங்கள். அதைத் திறந்தே வைத்திருப்பேன்.

நீங்களும் அண்ணியும் நீண்ட நாள் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை செல்வாம்பாள்