நாலாம் நம்பர் பேட்டரி

அன்புள்ள கண்ணுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் உடம்பாலும் மனதாலும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன், படித்து முடிக்கும்போது உனக்கு அதில் சந்தேகம் வரலாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நீ போன் செய்து ட்ரோன் கிடைத்ததா என்று கேட்டாய். கிடைத்துவிட்டது என்றேன். முழுசாகவா என்றாய். ஒரு கை ஒடிந்திருக்கிறது, கேமரா தப்பித்துவிட்டது என்றேன். பிறகு பேட்டரி என்ன ஆச்சு என்று கேட்டாய். நசுங்கிப் போயிருக்கிறது என்றேன். அதன்மேல் ஒட்டியிருந்த லேபிள் பாதி கிழிந்திருந்தது என்றும், கிழிந்த இடத்தில் அடியில் இன்னொரு லேபிள் தெரிந்தது என்றும், அந்த அடி லேபிளில் என் கையெழுத்து இருந்தது என்றும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் விட்டுவிடுவேன், இருபது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன், காகிதத்தை நீ இடைமறிக்க முடியாது.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, மூன்று நாள் கஞ்சியும் மௌனமுமாக இருந்தார், வீடு அவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, தானே சரிசெய்வதாகச் சொல்லிப் பழைய இடுக்கியைத் தேடிக்கொண்டே இருக்கிறார். லேபில் புது மெஷின் வந்திருக்கிறது, ஒரு மணி நேரத்தில் நூறு டியூப் ரத்தம் பார்த்துவிடும், ஆனால் லேபிளை ஒட்டுவது இன்னும் நாங்கள்தான். உன் அறையில் என் புத்தகங்களைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டேன், நீ வரும்போது எடுத்துவிடுகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நாம் எப்போதும் நிற்கும் மைதானத்தின் மேற்கு மூலையிலிருந்துதான் கிளப்பினேன். நெடுஞ்சாலையைத் தாண்டி, பழைய குவாரியைத் தாண்டி, மலை முகட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவது, போக ஒன்பது கிலோமீட்டர் வர ஒன்பது. ஒரு வருஷமாக ஆசைப்பட்ட பாதை, அனுமதி வாங்க நான் எத்தனை முறை நடந்தேன் என்பது உனக்கும் தெரியும். இவ்வளவு தூரத்துக்கு நாலாம் நம்பர் பேட்டரிதான் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். பேட்டரி மாமா இந்த வருஷம் தன் கையால் ஒவ்வொரு செல்லாக வெல்டு வைத்துக் கட்டிக் கொடுத்தது, அதைவிட நல்லது நம் பெட்டியில் இல்லை. முந்தின நாள் சார்ஜ் போட்டபோது வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறைந்துவிட்டது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இத்தனை வருஷம் பறக்கவிட்டவள், சீக்கிரம் நிறைகிற பாத்திரம் சின்னப் பாத்திரமாக இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை, லேபிளில் நாலு என்று இருந்தது, அது எனக்குப் போதுமாக இருந்தது.

வீடியோக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ட்ரோன் பார்ப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும், மற்றதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவரின் பொறுப்பு. மாமாதான் வழக்கம்போல் சின்னத் திரையைக் கையில் வைத்துக்கொண்டு வோல்ட்டை வாசித்துக்கொண்டிருந்தார். ஆறாவது கிலோமீட்டரிலேயே அவர் குரல் மாறிவிட்டது. திரும்பிடுங்கம்மா, வோல்ட் இறங்குது என்றார். எனக்கு முகடு கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, காலை வெயில் அதன்மேல் விழுந்து அவ்வளவு அழகாக இருக்கிறது. உங்க நாலாம் நம்பர்ண்ணா, அதெல்லாம் தாங்கும் என்று சொல்லி முன்னால் போனேன். முகட்டைத் தொட்டுத் திரும்பினேன், வரும் வழியில் குவாரிப் பக்கம் படம் நடுங்கி, கவிழ்ந்து, போய்விட்டது. இன்னும் ஒரு நிமிஷம் உயிரோடு இருந்திருந்தால் நெடுஞ்சாலைக்கு மேலே வந்திருக்கும். அந்தச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை எப்படி வண்டி போகும் என்று உனக்குத் தெரியும். இரண்டு கிலோ எடை நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு முன்கண்ணாடியில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் இப்போதும் பாதி வரைதான் நினைத்துப் பார்க்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றியதும் நான் செய்த காரியத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. மைதானத்தில் மற்ற ஐந்து பேரும் சுற்றி நிற்க, மாமாவைப் பார்த்து, வெல்டு விட்டுடுச்சாண்ணா, என் உயிரையே உங்க கையை நம்பித்தானே மேலே அனுப்பினேன் என்று கேட்டேன். அவர் திரையை அணைத்து உறையில் போட்டார். திரும்பச் சொன்னேனே என்றுகூட அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

பிறகு ஆறு நாள் தேடினேன். லேப் முடிந்ததும் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு குவாரிப் பக்கம் போய்விடுவேன். கடைசியாக வந்த இடக்குறியில் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் சறுக்கியிருக்கிறது. முதல் நாள் ட்ரோனின் பஸ்ஸர் எங்கோ கூவுவது போல் இருந்தது, இரண்டாம் நாள் அதுவும் ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு கழியோடு வந்தார், முட்செடியைத் தட்டிக்கொண்டே, முதல் மகளாவது கூப்பிட்டால் போன் எடுக்கிறாள், இந்த இரண்டாவது மகள் அதுவும் இல்லை என்று ட்ரோனைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். தினமும் நீ போன் செய்தாய். தினமும் ஒரே பேச்சுதான், விடும்மா, பாம்பு பூச்சி இருக்கும், காலை உடைச்சுக்காதே, போனது போகட்டும். லேபில் பக்கத்து மேசைக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன், என் பெண்ணுக்கு ட்ரோனைவிட என் கால்தான் பெரிசாம் என்று. கண்ணு, ட்ரோன் போனது எனக்கு வலிக்கவில்லை, அந்த ஆறு போன்களை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பதுதான் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை பதிவான படத்தின் கடைசி நொடியை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பாறை, கீழே மேகம். நூறு தடவை பார்த்ததுதான். ட்ரோன் கவிழ்ந்து விழுந்ததால் படமும் தலைகீழாக இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது, அதைத் திருப்பினேன். திருப்பியும் மேகம் சரியாக இல்லை, நடுவில் ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தது. படம் முதலில் இருந்தபடிதான் சரி, அது குவாரிக் குட்டைத் தண்ணீரில் தெரிந்த மேகம். சனிக்கிழமை காலை நேராகக் குட்டைக் கரைக்குப் போனேன், கோரைப்புல்லுக்குள் கிடந்தது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து அதன் மண்ணைத் துடைத்தேன். அப்போதுதான் லேபிளைப் பார்த்தேன். மேலே நாலு, மாமா கட்டிய தேதி, என் எழுத்தைப் போலவே. அடியில் ஒன்றாம் நம்பர், என் எழுத்தே. மேசையில் சோதிக்க மட்டும், பறக்கக் கூடாது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதி ஒட்டியது.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் பேட்டரிப் பெட்டியை ஒழுங்குபண்ணித் தருகிறேன் என்று உட்கார்ந்தாயே. நான் இனிமேல் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும் என்றுதானே சொன்னாய். துணி மடித்துக்கொண்டே வாசலில் நின்று உன்னைப் பார்த்தேன், பெண் வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

நான் படித்த புத்தகங்களில் நம்பிக்கைத் துரோகமெல்லாம் பெரிய இடத்தில் நடக்கும், அதற்கென்று ஒரு வாளோ விஷமோ இருக்கும். எனக்கு அது இரண்டு விரல் அகல ஸ்டிக்கரில் வந்திருக்கிறது. அதுவும் என் வீட்டில், என் பெண்ணிடமிருந்து. எட்டு வயதில் பள்ளி விட்டு லேபுக்கு வந்து உயர ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். டியூபில் லேபிளை மாத்தி ஒட்டினா என்னம்மா ஆகும் என்று ஒரு நாள் கேட்டாய். ஒருத்தர் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவார், இன்னொருத்தர் இருக்கிற நோயோடு வீட்டுக்குப் போவார் என்று சொன்னேன். அன்று ராத்திரி நீ சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்துதான் செய்திருக்கிறாய் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உன்னைப் பதினெட்டு வயதில் பெற்றேன், கடைக்குப் போனால் அக்கா தங்கையா என்று கேட்கிறார்கள், அந்தப் பேச்சில் நானும் கொஞ்சம் மயங்கித்தான் இருந்தேன். ஒருவேளை அக்காவிடம் மறைப்பது போல் என்னிடம் மறைத்தாயோ என்னவோ. ஆனால் நான் அம்மா.

நேற்று மாமாவின் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, குனிந்து உள்ளே போனேன். கல்லா மேசை முழுக்கப் பிரித்துப் போட்ட பேட்டரிகள், செல்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டியிருந்தார். மைதானத்தில் மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கி வந்து அறுத்துப் பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கண்ணு, நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்காக எழுந்து நின்றார்.

"நாலு பேட்டரி பேக்கைப் பிரிச்சுட்டேம்மா. ஒரு வெல்டு விடலை. ஆனா விழுந்திருக்கே. எங்கேயோ என் கை தப்பியிருக்குன்னுதானே அர்த்தம்."

நசுங்கிய பேட்டரியை அவர் முன்னால் வைத்து, கிழிந்த இடத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வெளியூர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நீ அவருக்குப் போன் செய்து, ரெண்டு நாள் ட்ரோன்ல இருந்து கழட்டாம அப்படியே விட்டுட்டா பேட்டரி பிழைக்குமா மாமா, ஃபிரெண்டு கேக்கறா என்று கேட்டாயாம், பிழைக்காது, தொடக்கூட வேண்டாம், தூரப் போட்டுடச் சொல்லு என்று சொன்னாராம். அதை அவர் சொல்லி முடிக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீ தனியாகப் பறக்கவிட்டிருக்கிறாய், பேட்டரியைக் கழற்ற மறந்திருக்கிறாய், நாலாம் நம்பர் செத்திருக்கிறது, அது தெரியாமலிருக்க ஒன்றாம் நம்பர்மேல் நாலு என்று ஒட்டியிருக்கிறாய். அவ்வளவுதான் விஷயம். இதற்கு நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாய்? ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன், பிறகு இரண்டு பேரும் போய் இன்னொன்று கட்டித்தரச் சொல்லி நின்றிருப்போம். மறந்ததற்குக் கோபமே இல்லை எனக்கு, நானும் மறந்திருக்கிறேன்.

மாமா உன்மேல் கோபப்படவில்லை. சின்னப் பொண்ணு பயந்திருக்கும், திட்டிடாதீங்க என்றார். அதைவிட எனக்குத் தாங்காதது இன்னொன்று. ஒன்றாம் நம்பரைக் கையில் எடை பார்ப்பதுபோல் தூக்கி, இதுவா பதிமூணு கிலோமீட்டர் வந்துச்சு என்று கேட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் முதன்முதலில் கட்டிய பேட்டரி அது. ஆமாம் என்றேன். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், அதற்கென்னம்மா என்றார். புதிதாக ஒன்று கட்டித் தர முடியுமா என்று கேட்டதற்குத்தான் தலையைக் குனிந்துகொண்டார். வெல்டு மெஷினை வியாழக்கிழமையே மச்சானுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாராம். தன் கைமேல் நம்பிக்கை போன பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான். வியாழக்கிழமை. அன்று சாயங்காலம் நீ போனில் என் கால் வலியை விசாரித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உன்னை நம்பமாட்டேன் என்று எழுதவில்லை, எழுதினால் நீயும் அதைப் பழகிக்கொள்வாய். ஆனால் இப்போது நம்பவில்லை என்பது உண்மை. நீ படிப்பு எப்படிப் போகிறது என்று சொன்னாலும், காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னாலும், அடியில் வேறு லேபிள் இருக்குமோ என்று ஒரு நொடி மனம் போய்விட்டு வரும். அது மாற எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீயே சொல்ல வேண்டும்.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி அண்டாமல், நினைத்ததைப் படித்து, நிமிர்ந்து நட. வாழ்த்துவதை நான் நிறுத்தப் போவதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, கடிதம் கிடைத்த அன்றே மாமாவைக் கூப்பிடு, கடை எண்ணை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். ஃபிரெண்டு என்று சொல்லாதே, நான் என்று சொல்.

கோபம் ஆறாத, ஆனாலும் உன்
அம்மா

பி.கு. இதை மேசையிலேயே ஐந்து நாள் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. மைதானத்துக்குப் போய், போன தடவை நின்ற ஐந்து பேரையும் கூப்பிட்டு, விழுந்தது மாமாவின் வெல்டால் இல்லை, என் வீட்டில் லேபிள் மாறியிருந்தது, அவர் திரும்பச் சொல்லியும் நான்தான் போனேன் என்று சொன்னேன். யார் மாற்றியது என்று ஒருவர் கேட்டார், என் மகள் என்றேன். பத்து மணி வரை காத்திருந்தோம். மாமா வரவில்லை.