என் வீட்டுக் கேபிளைப் பிடுங்கியவனுக்கு

என் உயிர் மாப்ள மாரிச்சாமிக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆச்சு. இங்கே திராட்சை வெட்டு மும்முரம். காமயகவுண்டன்பட்டியில் இருந்து கேரளாவுக்கு லோடு ஓய்வில்லாமல் போகுது. அது கிடக்கட்டும். உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கு.

உன்னைச் சுடுகாட்டில் வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிய அன்றைக்குத்தான் என் பெண்சாதி பாத்திமா அழுதுகொண்டே சொன்னாள். "நம்ம டிவி கேபிளை மாரியண்ணன்தான் புடுங்கி விட்டாக. புடுங்கச் சொன்னது நான்தாங்க."

கொடியில் தொங்கும் குலையைப் பார்த்தே எத்தனை பெட்டி தேறும் என்று சொல்கிறவன் நான். என்னையே ரெண்டு பேரும் ஒன்றரை மாசம் ஏமாற்றியிருக்கிறீர்கள்! "இடி விழுந்துருச்சு மச்சான். லைன்ல உன் வீடுதான் கடைசி. சாமான் மதுரையில இருந்து வரணும்" என்றாய். முகத்தில் ஒரு சிரிப்பாவது காட்டினாயா, படுபாவி?

தப்பு என்னுடையதுதான். என் மூணு வயசு மகள் நஸ்ரின் டிவி முன்னால் உட்கார்ந்தால்தான் வாய் திறப்பாள். என்ன சாப்பிடுகிறோம் என்றுகூடத் தெரியாமல் விழுங்குவாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் கார்ட்டூனில் வரும் இந்தியை அப்படியே ஒப்பிப்பாள். "நாசிக் வியாபாரிகிட்ட இனி இவளைத்தான் பேச விடணும்" என்று கடையில் பீற்றிக்கொண்டேன்.

"இந்தி பேசுறது சரிலே. பெத்த அப்பன் உன்னை 'அத்தா'ன்னு கூப்பிட்டாளா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது.

கேபிள் போன முதல் நாலு நாள் வீடே ரெண்டானது. கத்தினாள், தட்டைத் தட்டிவிட்டாள். அப்புறம் பாத்திமா பின்னாலேயே அடுப்படிக்குப் போய்க் கருவேப்பிலை உருவ ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் நான் சோறு ஊட்ட உட்கார்ந்தேன். அவள் ஒரு உருண்டையை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். "அத்தா, ஆ காட்டு."

அன்றைக்கு நான் லோடுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நீ கேட்கவே இல்லையே. உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது உன் வீட்டுச் சேதிக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் கேபிள் இழுத்த நீ, உன் மகன் முத்துவுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் டிவி போடுவாய். இப்போது அவன் காலையில் இருந்து அதன் முன்னால்தான் கிடக்கிறான். போன வாரம் உன் வீட்டுக்காரியிடம், என் கூடப் பிறக்காத தங்கச்சியிடம், பட்டென்று சொன்னேன், "ஆத்தா, அதை நிறுத்து. புள்ளை முகத்தைப் பார்த்தியா?"

அவள் மெல்லச் சொன்னாள். "நிறுத்துனா அப்பா எங்கன்னு கேக்குறான்ணே. நான் என்னத்தைச் சொல்ல?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் மாப்ள?

நாளைச் சாயங்காலம் லோடு ஏற்றுவதை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, பாத்திமாவையும் நஸ்ரினையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். வயரை நான் தொட மாட்டேன். தங்கச்சியே நிறுத்தட்டும். முத்து கேட்பான். அவனை மடியில் வைத்துக்கொண்டு அவளே சொல்லட்டும். அவளுக்கு வாய் வராத இடத்தில் பக்கத்தில் நாங்கள் இருப்போம். அவன் கேட்டு ஓய எத்தனை சாயங்காலம் ஆனாலும் வருவேன். இது சத்தியம்.

உன் மகனுக்குத் தாய்மாமன்,
காதர்