நே என்றால் ஆமாம்

மார்ச் 4, செவ்வாய்

ஏழாம் கட்டிலில் புது ஆள். துறைமுகப் படிக்கட்டில் வழுக்கி விழுந்திருக்கிறார். நெற்றியில் ஆறு தையல். கையில் பையும் இல்லை, அடையாளச் சீட்டும் இல்லை. எது கேட்டாலும் ஒரே சொல்: "நே". பல தேசத்து ஆட்கள் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில், எங்கள் வார்டு உதவியாளன் நெட்டையனின் தாய்மொழி செர்பியம். "இவர் பாஷை எனக்குப் பிடிபடல சிஸ்டர். ஆனா நே-ன்னா இல்ல. எங்க சுத்துப்பட்டு நாடு பூரா அப்படித்தான்," என்றான். அப்பாடா, ஒரு வழி பிறந்தது.

மார்ச் 5, புதன்

வயிற்றைத் தொட்டு, முகத்தைச் சுளித்துக் காட்டி, வலிக்கிறதா என்று கேட்டேன். "நே." வலி இல்லை என்று குறித்துவைத்தேன். சாப்பாட்டை அவர் தொடவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று நடந்ததை எழுதினால்தான் மனசு அடங்கும்.

காலையில் அதே கேள்வி, அதே "நே". தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "இல்லன்னு யாரு சொன்னா? எங்க கிரேக்கத்துல நே-ன்னா ஆமாம்."

குனிந்து அவரிடம் ஏதோ கேட்டார். கல்லாய்க் கிடந்த மனிதர் மடை திறந்த மாதிரி பேசினார், கண்ணில் நீரோடு.

"ரெண்டு நாளா வலிக்குதுன்னு சொல்றாராம். நீங்க தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போயிடறீங்களாம்."

ஸ்கேன். மண்ணீரலில் கிழிசல், உள்ளே ரத்தக் கசிவு. உடனே ஆபரேஷன். "சாயங்காலம் வரை விட்டிருந்தா கஷ்டம்தான்," என்றார் டாக்டர்.

பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் தலையை ஒரு பக்கம் சாய்த்தாரே — அது நம்ம வீட்டு 'சரி'தானே? சொல்லைப் புடிச்சுக்கிட்டு ஆளைப் பாக்காம விட்டுட்டேனே.

மார்ச் 7, வெள்ளி

தலைமை நர்ஸிடம் நானே போய்ச் சொன்னேன். நெட்டையனை இழுக்கவில்லை, குறித்தது என் பேனா. திட்டினார், நியாயமாக. அறிக்கை எழுதி வாங்கிக்கொண்டு, "மறைக்காம வந்தியே, அது போதும்," என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர், கேட்கவா வேண்டும்? மேஜை முழுக்க அகராதி. செர்பிய 'நே'யும் வடமொழி 'ந'வும் ஒரே வேராம். கிரேக்க 'நே' வேறு வீட்டுப் பிள்ளை. கொரிய மொழியிலும் 'நே' ஆமாம்தான், ஆனால் ஒட்டுமில்லை உறவுமில்லை. துருக்கியில் 'என்ன?'. ஜப்பானில் வாக்கியக் கடைசியில் வரும் 'இல்லையா?'.

"தமிழ்ல?"

"ஓரெழுத்துச் சொல். அன்புன்னு அர்த்தம்."

அகராதியை இழுத்து அந்த வரியை நானே படித்தேன். இவர் கேலி பண்ணாமல் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார், நல்ல மனுஷன்.

மார்ச் 22, சனி

ஏழாம் கட்டில் காலி. கிளம்பும்போது என் கையையும் அந்த அம்மா கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல கோபமே இல்லையாம்," என்றார் அம்மா. "ஆனா சாப்பாடு மட்டும் மகா மோசமாம்."

மார்ச் 24, திங்கள்

தலைமை நர்ஸ் ஆளாளுக்குத் தெரிந்த மொழிகளைக் கேட்டு எழுதுகிறார். அந்த அம்மாவுக்கு நான்கு. ஐந்து வருஷமாய் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

தரை துடைக்க இன்று வேறு ஆள். அந்த அம்மா இப்போது வாசல் கூடத்தில், தனி மேஜை, நாற்காலி, 'மொழிபெயர்ப்பாளர்' என்று ஒரு பலகை. சுற்றிலும் நாலு பாஷைக்காரர்கள். அவருக்கு வாங்கிய டீயோடு போய் நின்றேன். தலை நிமிராமலே, "வரிசையில வாங்க சிஸ்டர்," என்றார்.

டீ ஆறும்வரை வரிசையில் நின்றேன்.