சொந்த ஊர் என்ற கட்டம்

பதுளை
10.3.1974

அன்புத் தம்பி மாடசாமிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் இருக்கிறோம். ‘சுகமாக’ என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன்.

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த நாளிலிருந்து கடை வெறிச்சென்று கிடக்கிறது. துணிக்கடை என்று பலகைதான் சொல்கிறது. உள்ளே துணி இல்லை. மகள் நபீலா விடியுமுன் போய் பேக்கரி வரிசையில் நின்று அரை றாத்தல் பாண் கொண்டுவருகிறாள். மொனராகலையிலிருந்து மச்சான் கொண்டுவந்த மூன்று கொத்து அரிசியை, ஊர் விட்டு ஊர் அரிசி கொண்டுபோகக் கூடாதென்று, கள்ளத் தங்கம் பிடித்த மாதிரி பஸ்ஸிலேயே பிடித்துவிட்டார்கள். நெல் விளையும் நாட்டில் இந்தக் கூத்து!

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் சனங்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிடித்திருக்கிறார்கள். உன் மகள் ஜெயலெட்சுமி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மெலிந்திருக்கிறாள். புருஷன் இலங்கைப் பிரஜை என்பதால் அவள் இங்கே, நீ அங்கே. பிரஜாவுரிமை கேட்ட உன்னை இந்தியாக்காரன் என்று எழுதினவன் கை விளங்காமல் போக!

எந்நேரமும் ‘ஊர், ஊர்’ என்பாயே, போய்ப் பார்த்தாயா? விவரமாய் எழுது.

உன்
புஹாரி நானா

*

கோத்தகிரி
2.6.1974

அன்புள்ள நானா அவர்களுக்கு மாடசாமி எழுதிக்கொள்வது.

முழங்கால் வலி தவிர குறையில்லை. துறையூர் பக்கம் போனேன். தாத்தா பேரைச் சொல்லி நாலு தெரு கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர், “பெரியவரே, நீங்க எந்த ஊரு?” என்றார். வாய்வரை வந்தது ஸ்பிரிங்வெளிதான். சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது கோத்தகிரியில் தேயிலை வேலை. அதே செடி, அதே குளிர். காலையில் ஆட்களைப் பிரித்துவிடும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று முதல் நாள் கேட்டேன். அந்தச் சொல் அங்கே யாருக்கும் புரியவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பேர் ‘சிலோன் பெரட்டு’. சிரிக்கட்டும். ஆனால் சாயங்காலம் பேச ஒரு ஆள் இல்லை, நானா. அதுதான் தாங்க முடியவில்லை.

நாடு சீரானதும் ஒரு வார்த்தை எழுதுங்கள். ஜெயாவோடு வந்து இருந்துவிடுகிறேன். அந்த நினைப்பில்தான் நாள் ஓடுகிறது.

யாரையும் சபிக்க வேண்டாம்.

மாடசாமி

*

பதுளை
15.2.1978

தம்பி மாடசாமி,

போன ஆவணிக் கலவரத்தில் தோட்டத்து லயத்து வீடுகள் எரிந்ததை எழுதியிருந்தேன். ஜெயலெட்சுமியும் மருமகனும் எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். இப்போது சத்தமில்லை. புது அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. பாண் வரிசை போய்விட்டது. என் கடையில் ஜப்பான் துணி கூரை முட்டுகிறது. இனி நாடு பிழைத்துக்கொள்ளும் என்று பண்டாரவளைவரை பேச்சு. எனக்கும் நம்ப ஆசை. அந்த ஆசையில்தான் உன்னை அழைத்துக்கொள்ள வழி கேட்டுப் பிரஜாவுரிமைக் கந்தோருக்குப் போனேன்.

கிளார்க் உன் பழைய மனுவைத் தேடி எடுத்தார். சொந்த ஊர் என்ற கட்டத்தில் ‘துறையூர், திருச்சி ஜில்லா’. என் கையெழுத்து.

“ஊர் இந்தியாவில இருக்கிற ஆளுக்கு இங்க என்னத்துக்குப் பிரஜாவுரிமை என்டுதான் தள்ளியிருக்கிறாங்க, நானா. இனி ஒன்டும் செய்யேலா.”

அந்த இங்கிலீஷ் பாரத்தை என் கடை மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். “ஊர் எது?” என்றேன். “துறையூர் பக்கம்” என்றாய். தோட்டத்து ஆட்கள் பிறந்த இடத்தைத் தோட்டம் என்பீர்கள்; கண்ணால் காணாத பாட்டன் மண்ணைத்தான் ஊர் என்பீர்கள். இருபது வருஷம் பழகிய எனக்கு இது தெரியாதா? பெருநாள் வியாபாரம், கடை நிறைய ஆட்கள். சொன்னதை அப்படியே எழுதித் தள்ளிவிட்டேன்.

நான் சபித்தது என் கையைத்தான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒரு வரி போடு. திட்டியாவது எழுது.

புஹாரி

*

கோத்தகிரி
9.11.1978

அன்புள்ள நானாவுக்கு,

ஒன்பது மாதமாகப் பதில் போடவில்லை. கோபமில்லை என்றால் பொய்.

அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்று எனக்கு முன்னமே தெரியும். மனு தள்ளுபடியான அன்றே அதிகாரி வாசித்துக் காட்டினார். ரயிலடியில் நீங்கள் அழுதீர்கள். அப்போது எப்படிச் சொல்வது? துறையூர் என்று சொன்னது என் வாய்தானே. ஆனால் ‘இனி ஒன்டும் செய்யேலா’ என்ற வரி என்னைப் படுக்க வைத்துவிட்டது. ஜப்பான் துணி வரலாம், நான் வரக்கூடாது. அந்த ஆத்திரத்தை உங்கள்மேல் காட்டினேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

போன மாதம் இங்கே ரேஷன் கார்டுக்கு ஒரு பாரம் கொடுத்தார்கள். அதிலும் சொந்த ஊர் என்று ஒரு கட்டம். நானே பேனா வாங்கி, ஸ்பிரிங்வெளி, பதுளை என்று எழுதினேன். “இது எந்த ஜில்லாவுல இருக்கு?” என்றான் குமாஸ்தா. சிலோனில் ஊவா மாகாணம் என்றேன். சிவப்பு மையால் அடித்துவிட்டான். அடிக்கட்டும், எழுதியாகிவிட்டது.

ஜெயா கடிதம் போட்டிருக்கிறாள். தையில் பிள்ளை பிறக்குமாம். பிறப்பைப் பதியும் பாரத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், நானா. வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஊர் எது என்று யாரையும் கேட்க வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

மாடசாமி