மஞ்சள் திட்டு

பிப்ரவரி 4

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

நேற்று என் பெண்ணும் உங்கள் பையனும் சேர்ந்து என்னைக் கலர் கலக்கும் மேஜையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். கடை தொடங்கிய நாள் முதல் நான் நின்ற இடம்.

காரணம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக் சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து வந்து, இதே வெள்ளை வேண்டும் என்றார். மெஷினைத் தொடாமல் கண்ணால் பார்த்துக் கலப்பதுதான் என் வழக்கம். கலந்து கொடுத்தேன். அடித்த இடம் மஞ்சள் திட்டாக இருக்கிறதாம். "பல் டாக்டர் சுவரே மஞ்சளா இருந்தா எவன் வாயைத் திறப்பான்?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார். சில்லையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"போதும்ப்பா. இந்த வயசுல எதுக்கு? கல்லா பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லுங்க" என்றாள் பெண். வாசலில் வைக்கப் பொம்மை கிடைக்கவில்லை போல.

போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்பார்கள். அதனால்தான் தபால். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். களைப்பாக இருக்கிறது சம்பந்தி. மூட்டை தூக்கிய காலத்தில்கூட இப்படிக் களைத்ததில்லை.

இப்படிக்கு,
பெயின்ட் கடைக்காரன்


பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்திக்கு,

நலம். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவனுக்கு வேறென்ன ஆகிவிடும்?

என் வார்த்தை இங்கே எடுபடாது. போன வருஷம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தடுக்கினேன். விழவில்லை, தடுக்கினேன். அதிலிருந்து தெருமுனைக்குக் கிளம்பினாலும், "எதுக்குப்பா, நான் வாங்கிட்டு வர்றேன்" என்கிறான் பையன். கட்டட வரைபடம் போட்டே தலை நரைத்தவன் நான். இப்போது கையில் இருப்பது பேப்பரில் வரும் குறுக்கெழுத்துக் கட்டம் மட்டும்தான்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களுக்குக் கண்புரையாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆபரேஷன் முடிந்து வந்து பீரோவைத் திறந்தால், வெள்ளை என்று நான் போட்டுத் திரிந்த சட்டையெல்லாம் பழுப்பு. கல்யாண வீடுகளுக்கும் அதோடுதான் போயிருக்கிறேன். "ஏம்மா சொல்லல?" என்று மருமகளைக் கேட்டேன். "வயசானவர், போகட்டும்னு விட்டுட்டோம் மாமா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்தப் 'போகட்டும்' இன்னும் ஆறவில்லை.

உங்களை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


பிப்ரவரி 15

சம்பந்திக்கு,

சிபாரிசு கேட்டேன், சீக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிழித்துப் போடத்தான் நினைத்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். கத்திக்கு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிறவள் வயசு கேட்பாளே, அதற்கு. வாரம் தவறாமல் தலைக்கு மை அடிக்கிறேன். சுவரில் ஈரம் இருந்தால் மேலே எதை அடித்தாலும் உரியும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், என் சரக்கை நானே நம்பிவிட்டேன்.

ஆனால் நீங்கள் கண்ணைச் சரி செய்துகொண்டு எதைப் பார்க்கிறீர்கள்? டீவியைத்தானே? எனவே வியாபாரம் பேசுவோம். நான் கண்ணைக் காட்டுகிறேன். துணைக்கு நீங்கள் வர வேண்டும். பஸ்ஸில்.

பெயின்ட் கடைக்காரன்


பிப்ரவரி 19

சம்பந்திக்கு,

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்துவிட்டு வருகிறேன். மத்தியானம் வரை நான் இல்லாதது யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் அப்பா


மார்ச் 22

அன்புள்ள சம்பந்திக்கு,

நேற்று உங்களிடம்கூடச் சொல்லாமல் அந்தப் பல் டாக்டரிடம் போனேன். இதுவரை ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, அது வசதியாகப் போயிற்று. புதுக் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். ஒரே வெள்ளை, நான் சொன்னதுதான் சரி. பழைய கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மஞ்சள். கொஞ்சநஞ்சம் இல்லை, பீடி குடிப்பவன் பல் மாதிரி. அங்கிருந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பல் பிடுங்க வந்தவன் என்று நினைத்து நர்ஸ் தைரியம் சொன்னாள்.

சுவர் முழுவதையும் என் செலவில் அடித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து பெண்ணிடம் பேசினேன். "தப்பு என் கண்ணுடையது. அதுக்கு வைத்தியம் இருக்கு. வயசு மேல பழி போட்டா வைத்தியம் இல்ல" என்றேன். அவள் பேரம் தொடங்கினாள். என் ரத்தமாச்சே, லேசில் இறங்கவில்லை. சாப்பாடு ஆறிப்போயிற்று.

முடிவானது இது. அடுத்த கண்ணும் ஆன பிறகு எனக்கு மேஜை உண்டு. முதலில் மெஷின் பார்க்கும், அதற்குப் பிறகு நான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டப்பா வெளியே போகாது. வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும், நான் மட்டுமில்லை, அவளும்தான். சுவர் அளந்து எத்தனை லிட்டர் என்று சொல்லக் கடையில் ஆள் இல்லை. அந்த வேலை உங்களுக்கு. காலையில் மட்டும், மற்றவர்களுக்கு உள்ள அதே சம்பளம். வருவதும் போவதும் பஸ்ஸில். மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார், ஆனாலும் தலையாட்டிவிட்டார்.

கடைசியாக நான் சேர்த்தது ஒன்று. அதற்கு மட்டும் அவள் பேரம் பேசவில்லை. யார் சட்டை பழுத்திருந்தாலும், அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
பெயின்ட் கடைக்காரன்