நினைவிருக்கோ என்று கேட்டார்கள்

அண்ணை, இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் ஓடிக்கொலோன் மணம் குப்பென்று அடித்தது. போத்தல் மூடி சரியாக இறுகாமல் கிடந்திருக்கிறது. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உங்கள் மகள் கனடாவிலிருந்து வருகிறாள். "மாமி, அப்பாவுக்குக் கடைசியா நினைவிருந்ததோ?" என்று தொலைபேசியில் மூன்று தரம் கேட்டுவிட்டாள். மூன்று தரமும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நேரில் கேட்டால் எங்கே ஓடுவேன்?

நினைவு என்ற அந்தச் சொல்லே எனக்குச் சரிவராது. பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தால், "உன்ரை நினைவெல்லாம் எங்கை?" என்று சிரிப்பீர்கள். நினைவு என்றால் எனக்குப் பழசை மறவாமல் வைத்திருப்பதுதான். அதில் உங்களை வெல்லப் பருத்தித்துறையில் ஆளில்லை.

நீங்கள் கிணற்றடியில் விழுந்த அன்று, கைலேஞ்சியை ஓடிக்கொலோனில் நனைத்து உங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டே அம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். "ஆளுக்கு நினைவிருக்கோ அம்மா?" என்றாள் போனில் பேசிய பிள்ளை. என் வாய் இருக்கிறதே! "ஓம் பிள்ளை, இந்த வயசிலையும் நல்ல நினைவு. பழைய கதையெல்லாம் வடிவாச் சொல்லுவார்" என்றேன். "அப்ப பயப்படாதேங்கோ, வண்டி வரும்" என்றாள். வைத்த பிறகுதான் விளங்கியது, அவள் கேட்டது மயக்கமோ தெளிவோ என்று. திரும்ப எடுத்தேன், கிடைக்கவில்லை. வண்டி வர முக்கால் மணித்தியாலம் ஆனது. "முதலே வந்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது" என்றார் டாக்டர். அழுகிற கிழவிக்கு வேறென்ன சொல்வார்?

அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் என் விரலை ஒருதரம் இறுக்கிப் பிடித்தீர்கள். நரம்பு இழுத்ததோ, நீங்கள்தான் பிடித்தீர்களோ, இன்றுவரை தெரியாது. உங்களுக்கு நினைவிருந்தது என்றால் நான் சொன்னது பிழையில்லை. ஆனால் அவ்வளவு நேரமும் எல்லாம் தெரிந்து, பயந்துகொண்டு கிடந்திருப்பீர்கள். ஐயோ, அதை உங்கள் மகளிடம் எப்படிச் சொல்வது?

யோசித்துவிட்டேன், அண்ணை. "இல்லைப் பிள்ளை, விழுந்த உடனையே நினைவில்லை, அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லப்போகிறேன். வண்டி ஏன் பிந்தியது என்று கேட்டால், நான்தான் பிழையாகச் சொன்னேன் என்பேன். என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை, அந்தப் பிழை என்னிடமே கிடக்கட்டும். விரல் இறுகியதை மட்டும் சொல்லமாட்டேன்.